நடுவில் ஒரு மணி ஐம்பது நிமிஷம்

எங்க விமான நிலையத்துல வீல்சேர் தள்ளறவங்க மொத்தம் நாற்பத்திரண்டு பேர். எந்த கேட்டுக்கு யாரு போகணும்னு அவங்களைப் பிரிச்சு அனுப்பற மேசையில உட்கார்ந்திருக்கிறவ நான். பதினோரு வருஷமா அதே மேசை. என் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேர் நேரத்துக்கு வர்றாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுக்கறதில்ல. இப்ப சொல்லப்போறது அந்த நாற்பத்திரண்டு பேர்ல ஒருத்தரைப் பத்தி. அவரை நல்லாத் திட்டணும்னுதான் ஆரம்பிக்கிறேன், எங்க போய் நிக்குமோ தெரியல.

அவருக்கு எங்ககிட்ட பேரு எக்ஸ்ரே. வயசு ஐம்பத்தேழு, ஒல்லி உடம்பு, ஆனா கையில பலம் அசாத்தியம். தொண்ணூறு கிலோ ஆளைக்கூட வலிக்காம தூக்கி உட்கார வைப்பாரு. பேரு வந்த காரணம் அது இல்ல. ஒரு பயணி வீல்சேர்ல வந்து உட்கார்றதை ஒரு தடவை பார்த்தாப் போதும், "இவரு நல்லாவே நடப்பாரு தங்கச்சி, வரிசையில நிக்கச் சோம்பல்" அப்படின்னு என் காதுல சொல்லிடுவாரு. பத்துக்கு எட்டு சரியா இருக்கும்.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, வீல்சேர் கேட்டா காசு கிடையாது, வரிசை கிடையாது, பாஸ்போர்ட் சோதனையில முன்னாடி விடுவாங்க. அதனால கல்லு மாதிரி இருக்கிறவங்க எல்லாம் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வந்து உட்காருவாங்க. எக்ஸ்ரேக்கு அவங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். ஒரு தடவை ஊரெல்லாம் மணக்க சென்ட் அடிச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. நாற்பது நிமிஷம் "மெதுவா தள்ளுப்பா, இடுப்பு உடையுது"ன்னு முனகிக்கிட்டே வந்தவங்க, பெட்டி வர்ற பெல்ட்டுல தன்னோட பெட்டியைப் பார்த்ததும் குதிச்சு எழுந்து ஒரே ஓட்டம். ரெண்டு கையிலயும் ரெண்டு பெட்டி. இவரு காலிச் சேரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலேயே கை தட்டியிருக்காரு, சத்தமா. அந்தம்மா புகார் எழுதிட்டாங்க. மன்னிப்புக் கடிதம் எழுதினது யாரு? நான்தான்.

இந்தக் கதையெல்லாம் அவரு ஒரே ஒரு ஆளுக்காகத்தான் சேர்த்து வெப்பாரு. அவரு பொண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு அவ ஃபோன் பண்ணுவா. வாரம் முழுக்க நடந்ததை அவரு நடிச்சே காட்டுவாராம், அவ விழுந்து விழுந்து சிரிப்பாளாம். திங்கக்கிழமை என்கிட்ட வந்து, "பாப்பா நேத்து சிரிச்ச சிரிப்பு இருக்கே"ன்னு ஆரம்பிப்பாரு. அந்தச் சிரிப்புதான் அவருக்கு ஒரு வாரத்துச் சாப்பாடு.

வேற என்ன இருக்கு அந்த மனுஷனுக்கு? பொண்ணுக்குப் பதினாலு வயசுல மனைவி போய்ச் சேர்ந்துட்டாங்க. இவரே வளர்த்து, படிக்க வெச்சு, ஆறு வருஷத்துக்கு முன்னாடி தூர தேசத்துக்கு வேலைக்கு அனுப்பினாரு. அவ ஏறினது இதே விமான நிலையத்துலதான். அன்னிக்கு அவருக்கு டியூட்டி. பொண்ணு பதினாறாவது கேட்டுல ஏறற நேரத்துல இவரு நாற்பதாவது கேட்டுல யாரோ ஒரு தாத்தாவை இறக்கிக்கிட்டு இருந்தாரு. அனுப்பி வெச்சது நான்தான். ஆள் இல்லாத நாள், எனக்கு வேற வழி தெரியல. அவரு ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேட்கல. ஆனா அது எனக்குள்ள முள்ளு மாதிரி கிடந்துச்சு.

அவரு வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். நாலு நாள் காய்ச்சல்ல வேலைக்கு வரல, மாத்திரை வாங்கிட்டுப் போனேன். டயர் கடைக்கு மேல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. ஒரே ஒரு ரூம். ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவரு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாற்காலி ஒண்ணு இருந்துச்சு, அது மேல துணி மூட்டை. "உட்கார்ந்து சாப்பிடறது இல்லையாண்ணா?"ன்னு கேட்டேன். "நின்னே பழகிடுச்சும்மா, உட்கார்ந்தா சோறு இறங்க மாட்டேங்குது"ன்னாரு. மேசை மேல ஒரு செங்கல்லைத் துணியில சுத்தி வெச்சிருந்தாரு. எதுக்குன்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை ஃபோனைச் சாய்ச்சு வைக்கவாம். அந்தச் செங்கல்லு முன்னாடி மட்டும் மேசை சுத்தமா துடைச்சு பளபளன்னு இருந்துச்சு.

ஃபோன்ல பொண்ணோட முகம் மட்டும்தான் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எட்டு மாசம் அதுவும் கிடையாது, வெறும் குரல். கேமரா உடைஞ்சு போச்சுன்னு சொன்னாளாம். எட்டு மாசமா ஒருத்தி உடைஞ்ச ஃபோனை மாத்தாம இருப்பாளா? எனக்கு அன்னிக்கே கேட்கத் தோணிச்சு. ஊர்ல இருக்கிறவன் பொய்யை எல்லாம் கண்டுபிடிக்கிற எக்ஸ்ரேக்கு அது தோணல.

இந்த வருஷம் ஒரு திங்கக்கிழமை மனுஷனுக்குத் தலைகால் புரியல. வந்ததும் வராததுமா ஃபோனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. பொண்ணுக்கு வேற தேசத்துல புது வேலை. அங்க போற வழியில எங்க விமான நிலையத்துல விமானம் மாறப்போறா. ஃபோன்ல ஒரு பக்கம் திறந்து வெச்சிருந்தாரு, ரெண்டு ஏர்போர்ட் பேரைப் போட்டா தூரமும் நேரமும் சொல்ற பக்கம்.

"இங்க பாரு தங்கச்சி. அவ இருக்கிற இடத்துலேருந்து இங்க ஆறாயிரத்து எண்ணூத்து நாற்பது கிலோமீட்டர், எட்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம். இங்கேருந்து அங்க எட்டாயிரத்து நானூத்து அறுபது, பத்து மணி நாற்பது நிமிஷம். நடுவுல நம்மகிட்ட ஒரு மணி ஐம்பது நிமிஷம் இருப்பா!"

"நேரா போற விமானம் இல்லையா?"

"அதுதான் விஷயமே! இருக்கு. பதிமூணாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர், பதினாறு மணி பத்து நிமிஷம், ஏறினா அங்க போய்த்தான் இறங்கணும். ஏன் பாப்பா சுத்தி வர்றேன்னு கேட்டேன். 'உங்களை நேர்ல பார்க்கணும்பா'ங்கறா. என்னைப் பார்க்க ஆயிரத்து முந்நூத்து ஐம்பது கிலோமீட்டர் சுத்தி வர்றா தங்கச்சி!"

"ரெண்டு நாள் இறங்கித் தங்கிட்டுப் போகலாமே?"

"சேர வேண்டிய தேதி நெருங்கிடுச்சாம். பரவாயில்ல, ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்ன கொஞ்சமா?"

அந்தத் தூரக் கணக்கை அவரு டீ விக்கிற பொண்ணுலேருந்து துப்புரவு ஆளுங்க வரைக்கும் எல்லாருக்கும் ஒப்பிச்சாரு. சரி, பார்க்கணும்னா எப்படிப் பார்க்கிறது? அதுலதான் சிக்கல். எங்க ஆளுங்களுக்கு உள்ள போக அட்டை உண்டு, ஆனா வேலை எந்த கேட்டுல இருக்கோ அங்கதான் நிக்கலாம். சொந்தக்காரங்களைப் பார்க்கப் போய் நின்ன ஒருத்தனுக்குப் போன வருஷம் ஒரு மாசம் வேலை போச்சு. பொண்ணு விமானத்தை விட்டு இறங்கறதுலேருந்து அடுத்த விமானத்துல ஏறற வரைக்கும் கூடவே இருக்கணும்னா ஒரே வழிதான். பொண்ணு வீல்சேர் கேட்கணும், நான் அந்த வேலையை இவருக்குக் கொடுக்கணும்.

ரெண்டு நாள் அவரு சரியா சாப்பிடல. "ஊரைத் திட்டிட்டு நானே இதைச் செய்யணுமா?"ன்னு புலம்பினாரு. "அய்யோடா, பெரிய அரிச்சந்திரன்! ஒரு நாளைக்குச் செஞ்சா ஒண்ணும் முழுகிடாது"ன்னு நான்தான் சொன்னேன். அதையும் எழுதி வெச்சுக்கோங்க, சொன்னது நான்.

ஞாயித்துக்கிழமை பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்காரு. அவ, "நான் ஏற்கெனவே கேட்டுட்டேன்பா"ன்னாளாம். இவருக்கு ஒரே சிரிப்பு. "அடி கள்ளி! எனக்கு முன்னாடியே யோசிச்சிருக்கியா!"ன்னு கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சிருக்காரு. அவளும் சிரிச்சாளாம். மறுநாள் என்கிட்ட, "யாரு பொண்ணு அது?"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாரு.

பயணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டியல் என் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. எங்க பட்டியல்ல பயணிங்களை மூணு வகையா பிரிப்பாங்க. வகை ஒண்ணுன்னா தூரம் நடக்க முடியாது, படி ஏறுவாங்க. ரெண்டுன்னா படி ஏற முடியாது, உள்ள சீட்டு வரைக்கும் நடப்பாங்க. மூணுன்னா ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. சீட்டுலேருந்தே தூக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும், விமானத்துக்குள்ள சீட்டுங்களுக்கு நடுவுல நுழையற குறுகலான சேர் வேணும். அதை நாங்க 'ஒல்லி'ன்னு சொல்லுவோம். மொத்த விமான நிலையத்துக்கும் ஒல்லி ரெண்டுதான்.

பொண்ணு பேருக்கு எதிர்ல மூணுன்னு இருந்துச்சு.

"என்னண்ணா, உங்க பொண்ணு மூணு போட்டிருக்கா?"

அவரு எட்டிப் பார்த்தாரு. "தெரியாம பெரிசா போட்டிருக்கும். நம்மளாட்டம் இதுக்கெல்லாம் அவளுக்கு அர்த்தம் தெரியுமா? நிறையப் பேர் அப்படித்தானே போடறாங்க." அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஒல்லியை அவளுக்குன்னு கட்டி வைக்காதே. நிஜமா வேணுங்கிறவங்களுக்கு அனுப்பு. நான் ஒரு ஆள், ஒரு சாதா சேர், போதும்"னாரு.

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அதே நேரத்துக்கு வேற ஒரு விமானத்துல வகை மூணுல ஒரு பெரியவர் வர்றாரு. ஒல்லியை அங்க எழுதிட்டேன். இன்னொண்ணுக்கு வாரு அறுந்து ரிப்பேர்ல கிடந்துச்சு. ஒரு பயணியோட வகையை அவங்களைக் கேட்காம நாம மாத்தக் கூடாதுன்னு சட்டம். புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் அதுதான். நானே மாத்தினேன். அவளுக்குப் போட வேண்டிய இன்னொரு ஆளையும் எடுத்துட்டேன்.

அன்னிக்குக் காலையில இஸ்திரி போட்ட சட்டை, மழமழன்னு சவரம். ஆறு மணியிலேருந்து ஃபோன்ல மேப்பு மேல குட்டி விமானம் நகர்றதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. மேல காத்து பின்னாலேருந்து அடிச்சா விமானம் சீக்கிரம் வரும், எதிர்ல அடிச்சா தாமதம். "காத்து பின்னால தள்ளுதும்மா! பத்து நிமிஷம் லாபம்!" கொஞ்ச நேரம் கழிச்சு, "பதினெட்டு!" மத்த பசங்க எல்லாம் கூடி நின்னு கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டாங்க. பத்து இருபதுக்கு வர வேண்டிய விமானம் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே வந்து நின்னுச்சு. இருபத்திரண்டு நிமிஷம் லாபம். அடுத்த விமானம் பன்னிரண்டு பத்துக்கு. சேரைத் தள்ளிக்கிட்டு அவரு போன வேகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

வீல்சேர் பயணிங்க எப்பவும் கடைசியிலதான் இறங்கணும். எல்லாரும் இறங்கப் பத்து இருபத்துமூணு ஆச்சு. உள்ள நடந்ததை அந்த விமானப் பணிப்பெண் பிற்பாடு என்கிட்ட சொன்னா. இவரு வாசல்ல வந்து நின்னதும் அவ, "குறுகல் சேர் எங்க? இன்னொருத்தர் எங்க?"ன்னு கேட்டிருக்கா. "அதெல்லாம் வேண்டாம்மா, இது என் பொண்ணு"ன்னு சொல்லிட்டு இவரு உள்ள போயிட்டாரு. காலி விமானம். இருபத்துமூணாவது வரிசையில ஓரத்துச் சீட்டுல பொண்ணு மட்டும் உட்கார்ந்திருக்கா. ஆறு வருஷம் கழிச்சுப் பார்க்கிறாரு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "போதும் போதும் நடிப்பு, எல்லாரும் போயாச்சு. எழுந்து வாடா செல்லம்!"னு கத்தியிருக்காரு.

அவ எழுந்திருக்கல. சிரிக்கத்தான் பார்த்தாளாம். "அப்பா, என்னால முடியாதுப்பா"ன்னாளாம்.

பத்து இருபத்தஞ்சுக்கு என் வாக்கி டாக்கியில அவரு குரல் வந்துச்சு. "மேசை. ஒல்லி வேணும். இன்னொரு ஆளும்."

"யாருக்கு?"

பொத்தானை அழுத்தி, "அண்ணா, யாருக்கு?"ன்னு மறுபடியும் கேட்டேன். அப்படிக் கேட்டதுக்கு இன்னிக்கும் என்னை நானே திட்டிக்கிறேன்.

ஒல்லி முப்பத்தொண்ணாவது கேட்டுல இருந்துச்சு, அந்தப் பெரியவரோட. கட்டடத்தோட அந்தக் கடைசி. நான் மேசையைப் பக்கத்துல இருந்தவகிட்ட விட்டுட்டு நானே ஓடினேன். பதினோரு வருஷத்துல முதல் தடவை. அந்தப் பெரியவரை இறக்கி முடிச்சு, ஒல்லியை வாங்கி, தள்ளிக்கிட்டு வந்து சேர்றப்ப பத்து ஐம்பத்துநாலு.

விமானத்துல பார்த்தா பொண்ணு தனியா உட்கார்ந்திருக்கா. பணிப்பெண் ஒருத்தி தண்ணி கொடுத்துக்கிட்டு இருக்கா. இவரைக் காணோம்.

"அப்பா எங்கம்மா?"

"சேர் தேடப் போனாரு ஆன்ட்டி. நான் சொன்னதும் ஓடிப் போனவருதான், திரும்பி வரல." அவ கண்ணு சிவந்திருந்துச்சு. "சேர் வர்றப்ப வரட்டும், நீங்க வந்து பக்கத்துல உட்காருங்கப்பான்னு கூப்பிட்டேன். காதுல விழல போல."

எனக்கு வந்த கோபம் இருக்கே! இருபத்தொன்பது நிமிஷம். பக்கத்துச் சீட்டு காலி. மொத்த விமானமும் காலி. ஆறு வருஷமா ஏங்கினவரு அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கலாம், கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். என்கிட்ட சொன்னதோட அவரு வேலை முடிஞ்சுது, ஒல்லி எப்படியும் வரும். ரிப்பேர்ல கிடந்த இன்னொரு ஒல்லியைத் தேடிக் கீழ கிடங்குக்கு ஓடியிருக்காரு மனுஷன். அங்கேருந்து ரிப்பேர் பண்றவரைத் தேடிப் பதினாலாவது கேட், அங்கேருந்து திரும்ப மேல. பொண்ணு மூஞ்சியைப் பார்க்கத் தைரியம் இல்லாமதான் ஓடினாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் கோபம் கோபம்தான்.

வேர்த்து விறுவிறுத்து வெறுங்கையோட வந்து சேர்ந்தாரு. நாங்க ரெண்டு பேருமா ஒல்லியில இறக்கி, வெளியில சாதா சேருக்கு மாத்தினோம். பொண்ணோட சொந்தச் சேர் சரக்கோட சரக்கா நேரா அடுத்த விமானத்துக்குப் போகுது. சோதனை முடிஞ்சு அடுத்த கேட்டுக்குப் போய்ச் சேரப் பதினொண்ணு எட்டு. எனக்கு மனசுக்குள்ள கணக்கு ஓடுது. இறங்கறதுல வீல்சேர் கடைசி, ஏறறதுல வீல்சேர்தான் முதல். பதினொண்ணு இருபத்தஞ்சுக்குக் கூப்பிட்டுடுவாங்க. காத்து தள்ளி விட்ட இருபத்திரண்டு நிமிஷமும் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. மிச்சம் பதினேழு நிமிஷம்.

அவரு சேருக்குப் பின்னால நின்னாரு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு. வேலைப் பழக்கம். நாங்க எப்பவும் பின்னாலதான் நிப்போம்.

"அப்பா, முன்னாடி வாங்க. உங்க முகமே தெரியல."

வந்தாரு. நின்னா அவ அண்ணாந்து பார்க்கணும்னு தரையில உட்கார்ந்துட்டாரு. "எப்போ?"ன்னாரு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மழையில, கூட வேலை செய்யறவளோட கார். கார் புரண்டுடுச்சு. முதுகெலும்பு. எட்டு மாசம் ஆஸ்பத்திரி. அவ சொல்லச் சொல்ல அவரு தலையைத் தலையை ஆட்டினாரு, யாரோ ஒரு பயணி தன்னோட கதையைச் சொல்றப்ப ஆட்டற மாதிரியே.

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த முதல் ஞாயித்துக்கிழமை வாயைத் திறந்தேன். அன்னிக்குத்தான் நீங்க அந்த சென்ட் அம்மா கதை சொன்னீங்க. சேர்ல உட்கார்ந்து நடிச்சுக் காட்டினீங்க, முனகி முனகி. நானும் சிரிச்சேன். எனக்கு நிஜமாவே சிரிப்பு வந்துச்சுப்பா. ஃபோனை வெச்சப்புறம்தான்..."

"அது பொய்யா உட்கார்றவங்களைச் சொன்னது. உன்னைப் போய்ச் சொல்வேனா?"

"தெரியும்பா. ஆனா ரெண்டு பேரும் உட்கார்றது ஒரே சேர்தானே."

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அந்தக் கதையைக் கேட்டு என் மேசையில நானும்தான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை.

"நேர்ல பார்த்தா சொல்லிடலாம்னுதான் சுத்தி வந்தேன்"னா பொண்ணு. "வீல்சேர் கேளுன்னு நீங்க சொன்னீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க கை தட்டிச் சிரிச்சீங்களா, சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

"ரெண்டு நாள் தங்கியிருக்கலாமேடா. தேதியாவது ஒண்ணாவது."

"எங்க தங்கறது? உங்க வீட்டுக்கு நாற்பத்தொரு படி. சின்ன வயசுல எண்ணி எண்ணித்தானே ஏறுவேன்."

"நான் தூக்கிட்டுப் போவேன்!"னு கத்திட்டாரு. பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. அழுதாரு. முகத்தை மூடிக்கிட்டு எல்லாம் இல்ல, குழந்தை மாதிரி திறந்த வாயோட. அவ அவரு தலையைப் பிடிச்சு மடியில வெச்சுக்கிட்டா. "நான் நல்லாத்தான் இருக்கேன்பா. சமைக்கிறேன், கடைக்குப் போறேன், இந்த வேலைக்கு எண்பது பேர் போட்டி, எனக்குத்தான் கிடைச்சுது. சேரை உங்களைவிட நல்லா ஓட்டுவேன். இப்ப வர்ற வழியில வளைவுல ரெண்டு இடத்துல இடிச்சீங்க, முப்பது வருஷ சர்வீஸாம்!" அழுதுக்கிட்டே சிரிச்சா. அவருக்குச் சிரிப்பு வரல. மடியில தலை இருக்கு, அதைத் தாங்கற காலுக்கு அந்தக் கனம் தெரியாதுன்னு அவருக்கு அப்பதான் உறைச்சிருக்கணும், சட்டுனு தலையைத் தூக்கினாரு. "வலிக்குதா?"ன்னு கேட்டாரு. "இல்லப்பா"ன்னா.

பதினொண்ணு இருபத்தஞ்சுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு நிமிஷம்கூடத் தாமதம் பண்ணல, பாவிங்க. மத்த நாளா இருந்தா அரை மணி நேரம் இழுப்பாங்க.

விமானத்து வாசல்ல பணிப்பெண் அவரைப் பார்த்து, "பயணியால ரெண்டு அடி நடக்க முடியுமா?"ன்னு கேட்டா. வழக்கமான கேள்வி. தள்ளறவரைத்தான் கேட்பாங்க, உட்கார்ந்திருக்கிறவரை யாரும் கேட்கறதில்ல. பொண்ணே, "முடியாது, தூக்கித்தான் வைக்கணும். அப்பா நல்லா தூக்குவாரு"ன்னா.

ஒல்லியிலேருந்து சீட்டுக்கு மாத்தறப்ப ஒரு ஆள் பின்னாலேருந்து ரெண்டு கையையும் அக்குளுக்கு அடியில விட்டு நெஞ்சோட சேர்த்துப் பிடிக்கணும், இன்னொரு ஆள் முழங்காலுக்குக் கீழ. அவரு பின்னால, நான் கால் பக்கம். தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மூணுன்னு பின்னால இருக்கிறவருதான் எண்ணணும். அவரு எண்ணவே இல்ல. அப்படியே அவ நெஞ்சுல கையைக் கோத்துக்கிட்டு, அவ தலை மேல கன்னத்தை வெச்சுக்கிட்டு நின்னாரு. அவளும் கண்ணை மூடிக்கிட்டா. நான் அவசரப்படுத்தல. பணிப்பெண் "சார், மத்தவங்க வெளியில நிக்கிறாங்க"ன்னா. அப்புறம் நான்தான் எண்ணினேன்.

வெளியில வந்தோம். பன்னிரண்டு பத்துக்கு விமானம் கிளம்பினதைக்கூட அவரு ஃபோன்ல பார்க்கல. என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னாரு. "போய் ஒரு வாய் டீ குடிங்கண்ணா"ன்னேன். போகல.

"அங்க அவளை யாரு இறக்குவாங்க?"

"அங்கயும் நம்மள மாதிரி ஆளுங்க இருப்பாங்கண்ணா."

"அதான் கேட்கிறேன்"னாரு. "நம்மள மாதிரி ஆளுங்கதானே இருப்பாங்க? அங்க வர்றவனும் மூணுங்கிறதைப் பார்த்துட்டு, சின்னப் பொண்ணு, சும்மா போட்டிருக்கும்னு நெனச்சு வெறும் சேரோட வந்தா?"

அடுத்த விமான நிலையத்துக்குச் செய்தி அனுப்பறதும் என் வேலைதான். கம்ப்யூட்டரைத் திறந்து சத்தமா படிச்சுக்கிட்டே அடிச்சேன், அவருக்குக் கேட்கட்டும்னு. வகை மூணு. குறுகல் சேர் வேணும். ரெண்டு ஆள் வேணும். சொந்தச் சேர் விமானத்து வாசலுக்கே வரணும்.

"நடிப்பு இல்லன்னு போடு."

அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்துலயே கிடையாது. கடைசியில குறிப்புன்னு ஒரு வரி இருக்கும், அதை யாரும் தொடறதே இல்ல. அதுல அடிச்சேன்: இந்தப் பயணிக்கு நிஜமாவே நடக்க முடியாது, தயவுசெஞ்சு நம்புங்க. அவரு குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தா பார்த்தாரு. அனுப்பற பொத்தான்கிட்ட என் விரல் போறப்ப, "இரும்மா"ன்னாரு.

"இதைச் சொல்றது அவ அப்பான்னு போடலாமா?"

போட்டேன்.